ஒரு மூச்சுக்குள் அடங்கும் எதிர்ப்பு

“செனட்டர் பிக்கெட் ஆஃபீஸ், டெல்ஃபியா பேசறேங்க.”

இந்த ஒரு வரியைப் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, வீட்டில் போன் அடித்தாலும் டெல்ஃபியா பிளாங்கன்ஷிப்பின் வாயில் அதுதான் வரும். “செனட்டர் குளிச்சுக்கிட்டிருக்காருன்னு சொல்லிடு” என்று கணவர் வுட்ரோ சிரிப்பார். புது ஜனாதிபதி பதவியேற்ற அந்த ஜனவரிக்குப் பிறகு அந்த வீட்டில் போனைப் பற்றி யாரும் சிரிக்கவில்லை.

மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி மலைகளுக்குள், மருந்துக்கடைக்கும் வக்கீல் ஆஃபீஸுக்கும் நடுவில் இருக்கிறது அந்த அலுவலகம். ஆள் மூன்றே பேர். செனட்டர் வாஷிங்டனில் இருப்பார். அவருக்குச் சேர வேண்டிய வசவும் வாழ்த்தும் டெல்ஃபியாவின் காதில் விழும். ஜனாதிபதி தினம் ஒரு ஆளை ஏதாவது ஒரு துறைக்கு நியமிப்பார். செனட் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டால்தான் அந்த ஆள் நாற்காலியில் உட்கார முடியும். அதனால் காலை ஒன்பதுக்குக் கதவைத் திறக்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருக்கும்.

“ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்பின மனுஷன். அவரு கேக்கற ஆளுங்களைக் குடுக்காம என்னம்மா விசாரணை வேண்டிக்கெடக்கு?” என்று ஒரு குரல்.

“இந்தக் கும்பலுக்கெல்லாம் உங்க செனட்டர் தலையாட்டினா, அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு இந்தப் பள்ளத்தாக்குல கால் வைக்கச் சொல்லாதே” என்று அடுத்த குரல்.

இரண்டு குரலும் ஒரே தெருவில் குடியிருக்கும். ஒரே சர்ச்சில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடும். டெல்ஃபியாவுக்கு இரண்டு பேர் வீட்டு நாயின் பெயரும் தெரியும்.

அவளுக்கு மட்டும் அபிப்பிராயம் கிடையாது. அதாவது, வேலை நேரத்தில் இருக்கக் கூடாது. மேசையில் ஒரு மஞ்சள் தாள். இடப்பக்கம் ஆதரவு, வலப்பக்கம் எதிர்ப்பு. ஒரு ஆளுக்கு ஒரு கோடு, அதற்கு மேல் கிடையாது. பெயரும் விலாசமும் வாங்கிக்கொண்டு, “உங்க கருத்தை செனட்டர்கிட்டே சேர்த்துடறேங்க” என்று முடிக்க வேண்டும். மூன்று மணிக்குக் கூட்டிப் பார்த்து வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும். கூப்பிட்ட ஒவ்வொருவருக்கும் பிற்பாடு செனட்டரின் கையெழுத்தோடு ஒரு பதில் கடிதம் போகும்.

சேர்த்துவிடுகிறேன் என்பதை அவள் நம்பித்தான் சொன்னாள். அந்த வேலைக்கு வந்ததே அந்த நம்பிக்கையில்தான். சுரங்கத்தூசி அப்பாவின் நுரையீரலைத் தின்றபோது, உதவித்தொகைக்குப் போட்ட மனு பதினான்கு வருஷம் இழுத்தது. கடைசியில் ஏதோ ஒரு செனட்டர் அலுவலகத்திலிருந்த ஒரு அம்மாள்தான் தொலைந்த கோப்பைத் தேடி எடுத்து முடித்துக் கொடுத்தாள். அப்பா அதை அனுபவித்தது ஐந்து மாதம். அப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த டெல்ஃபியா, இருந்தால் அந்த அம்மாள் மாதிரி ஒரு நாற்காலியில் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தபடியே வந்து உட்கார்ந்தாள். இதுவரை அறுபதுக்கு மேற்பட்ட சுரங்கக்காரர்களுக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கடைத்தெருவில் அவளுக்குக் கிடைத்த வணக்கமெல்லாம் அதற்காகத்தான். அதில் செனட்டருக்குப் பங்கில்லை.

பிப்ரவரி பிறந்ததும் சுரங்கப் பாதுகாப்புத் துறைக்கு வெதர்ஸ்பூன் என்பவரின் பெயர் வந்தது. முதலாளிகள் பக்கம் நின்று முப்பது வருஷம் வழக்காடிய வக்கீல். சுரங்கத்தூசிக்குப் புதிதாக வைத்திருக்கும் வரம்பை முதல் நூறு நாளுக்குள் நிறுத்திவைப்பதுதான் தன் முதல் வேலை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஒரு கட்சிக்காரர்கள் அவரை வேலை கொடுக்க வந்தவர் என்றார்கள். மறு கட்சிக்காரர்கள் ஆள் விழுங்க வந்தவர் என்றார்கள். டிவியில் இரண்டு தரப்பும் மாறி மாறிக் கத்தியதில் தூசியைப் பற்றி யாரும் எதுவும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

தூசியைப் பற்றித் தெரிந்தவர் டெல்ஃபியாவின் அண்ணன் ஹோபர்ட் மல்லின்ஸ். வயது அறுபத்து நாலு. அதில் இருபத்தாறு வருஷம் பூமிக்கடியில். நுரையீரலில் பாதி வேலை செய்வதில்லை என்று படம் எடுத்துக் காட்டியிருந்தார்கள். ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டவர்தான். தேர்தல் பலகை இன்னும் அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தபோது, “நான் ஓட்டுப் போட்டது அந்த மனுஷனுக்கு. அவரு மேசைக்கடியில ஒளிஞ்சு வந்தவனுக்கெல்லாம் இல்லை” என்றார்.

செவ்வாயும் வியாழனும் காலையில் அவருக்குக் கிளினிக்கில் மூச்சுப் பயிற்சி வகுப்பு. ஒன்பது கிழட்டுச் சுரங்கக்காரர்கள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நடை இயந்திரத்தில் ஆமை வேகத்தில் நடப்பார்கள். நடந்து முடித்தால் அரை மணி நேரம் யாருக்கும் பேச்சு வராது. அதனால் ஹோபர்ட் ஒரு ஏற்பாடு செய்தார். வகுப்புக்கு முன்னால், ஒன்பதரைக்கு, ஒரே போனைக் கைமாற்றி ஒவ்வொருவராகக் கூப்பிடுவது. சொல்ல வேண்டியதையும் அவரே ஒரு மூச்சுக்குள் அடங்கும்படி செதுக்கிக் கொடுத்திருந்தார்: இத்தனை வருஷம் நிலக்கரி, வெதர்ஸ்பூன் வேண்டாம்.

“இதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்த்தா எஸ்டில் அங்கேயே விழுந்துடுவான்” என்று, வகுப்பிலேயே மூச்சு மோசமான கூட்டாளியைக் காட்டித் தங்கையிடம் விளக்கினார்.

பெயரையும் விலாசத்தையும் சொல்லவிட்டு அவர்கள் மூச்சை வீணாக்காமல், குரலைக் கேட்டே டெல்ஃபியா எழுதிக்கொண்டாள். அந்த ஒரு சலுகையைத்தான் அவளால் செய்ய முடிந்தது.

அந்த வகுப்பில் ரூஃபஸ் மட்டும் மறுபக்கம். “நாலு வருஷத்துக்கு வண்டியை ஓட்டச் சொல்லி ஒருத்தர்கிட்டே சாவியைக் குடுத்தாச்சு. பக்கத்து சீட்ல யார் உக்காரணும்னு நாம சொல்லக் கூடாது. டெல்ஃபி, என்னை ஆதரவுல போடு” என்றார்.

போனைப் பிடுங்கி ஹோபர்ட் கேட்டார்: “போட்டியா? இப்ப யார் முன்னாடி?”

“அதைச் சொல்லக் கூடாதுண்ணே.”

“கூடப் பொறந்தவன்கிட்டேகூடவா?”

“கூடப் பொறந்தவன்கிட்டே முதல்ல கூடாது” என்றாள். பின்னாலிருந்து மற்றவர்கள் இருமிச் சிரிப்பது கேட்டது.

இரண்டாம் வாரம் புதன்கிழமை அது நடந்தது. பதில் கடிதங்களின் வாசகத்தை வாஷிங்டனில் தட்டச்சு செய்து கம்ப்யூட்டரில் பூட்டி வைப்பார்கள். செனட்டர் ஓட்டுப் போட்ட பிறகுதான் ஊர் அலுவலகங்களுக்குத் திறந்துவிடுவார்கள். யாரோ அவசரத்தில் பூட்டை மறந்துவிட்டார்கள். வேறொருவருக்குக் கடிதம் எடுக்கப் போன டெல்ஃபியாவின் திரையில் வெதர்ஸ்பூன் பெயர் வந்து நின்றது. இரண்டு கடிதங்கள். ஆதரவு சொன்னவர்களுக்கு: உங்களைப் போலவே எனக்கும் அவர் மேல் நம்பிக்கை உண்டு, ஆதரித்து ஓட்டளித்தேன். எதிர்ப்புச் சொன்னவர்களுக்கு: உங்கள் கவலையை மதிக்கிறேன், ஆயினும் ஆதரித்து ஓட்டளித்தேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. மூன்றாவது கடிதம் இருக்கிறதா என்று தேடினாள். எதிர்த்து ஓட்டளித்தேன் என்ற கடிதம் ஒன்றுகூட இல்லை.

ஓட்டுக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது.

வாஷிங்டனில் கடிதப் பிரிவைப் பார்க்கும் கோர்ட்னியைக் கூப்பிட்டாள். கோர்ட்னிக்கு நாற்பது வயது, எப்போதும் எதையோ தின்றுகொண்டே பேசுவாள். அன்று தின்பதை நிறுத்தினாள்.

“அடக் கடவுளே. அதை மூடிடுங்க டெல்ஃபியா. நீங்க பார்க்கவே இல்லை, சரியா?”

“முடிவு ஆயிடுச்சா, கோர்ட்னி?”

“அவரு பெயர் அறிவிச்ச அன்னிக்கே ஆயிடுச்சு. கட்சியில சொல்லிட்டாங்க.”

“அப்ப நான் போடற கோடெல்லாம் எதுக்கு?”

“போடுங்க. எண்ணிக்கை தெரிஞ்சா செனட்டருக்குப் பிடிக்கும். எந்த மாவட்டத்துல எத்தனை பேருக்குச் சமாதானம் சொல்லணும்னு பார்ப்பாரு.” குரலைத் தாழ்த்தினாள். “இங்க பாருங்க, இது வெளியே போச்சுன்னா யாருன்னு கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. அங்க நீங்க மூணே பேர். ரகசியம் காப்பேன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த காகிதமும் இங்க இருக்கு. உங்க வீட்டுக்காரரை நினைச்சுக்கங்க.”

வுட்ரோவை நினைக்காத நாளே கிடையாது. அவருக்கு ரத்தத்தில் புற்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் போய் நாலு மணி நேரம் படுத்து மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த மருந்துக்கான காப்பீடு டெல்ஃபியாவின் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் மருந்து நிற்கும். மருந்து நின்றால் என்ன ஆகும் என்று டாக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார். டெல்ஃபியா கடிதத்தை மூடினாள். அடுத்த போனை எடுத்தாள். ஒரு எதிர்ப்பு, கோடு போட்டாள்.

மறுநாள் விசாரணையை எல்லாச் சேனலும் காட்டியது. இந்தக் கட்சிக்கு ஐந்து நிமிஷம், அந்தக் கட்சிக்கு ஐந்து நிமிஷம் என்று திட்டிக்கொண்டார்கள். வெளியே வந்த செனட்டர் பிக்கெட் மைக்கின் முன் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு, தான் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றும், தன் மலைநாட்டு மக்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக டெல்ஃபியா அந்த முகத்தைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். சமையலறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

அந்தப் பேச்சை ஹோபர்ட்டும் கேட்டார். கேட்டதோடு நம்பியும் தொலைத்தார். “கேட்டுக்கிட்டிருக்கேன்னு அவன் வாயால சொல்லிட்டான். இனி விட மாட்டேன்” என்று கிளம்பி, பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய் ஆள் திரட்டினார். படுக்கையில் கிடந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் போனைக் காதில் வைத்துப் பிடித்தார். டெல்ஃபியாவின் வலப்பக்கக் கட்டம் நிரம்பி இன்னொரு தாளுக்குப் போனது. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஆக்ஸிஜன் சீறும் சத்தம்.

எஸ்டில் காம்ப்டன் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் இருந்ததால் முதல் சுற்றில் கூப்பிட முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்.

“முப்பத்தொரு... வருஷம்...” என்றதும் இருமல் பிடித்துக்கொண்டது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நின்றது. யாரோ நர்ஸ், “நான் சொல்றேன், குடுங்க” என்பது கேட்டது. “வேண்டாம்... இது என்... கோடு” என்றார் எஸ்டில். நாலாவது தடவையில் ‘வெதர்ஸ்பூன் வேண்டாம்’ வரை வந்து சேர்ந்தார். டெல்ஃபியாவுக்கு, போதும் நிறுத்துங்க, உங்க பேச்சு எங்கேயும் போகப்போறதில்லை என்று தொண்டை வரை வந்தது. “உங்க கருத்தை செனட்டர்கிட்டே சேர்த்துடறேங்க” என்றாள்.

அந்த ஞாயிறு சர்ச் முடிந்து அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். பீன்ஸும் சோளரொட்டியும் ஆவி பறக்க மேசையில் இருந்தன. ஹோபர்ட் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, “புதன்கிழமை வாஷிங்டன் போறோம்” என்றார். “நானும் எஸ்டிலும் இன்னும் நாலு பேரும். சர்ச் வேன். செனட்டரை நேர்ல பார்க்கப் பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க, என் பேர்ல.”

“பனி கொட்டுதுண்ணே. ஏழு மணி நேரம். எஸ்டில் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முழுசா பத்து நாள் ஆகலை.”

“ஆக்ஸிஜன் உருளை கூடுதலா எடுத்துக்கறோம். போன வருஷம் சார்ல்ஸ்டன் போற வழியில அவனுக்குக் காத்துத் தீர்ந்து நீலமாப் போனானே, அந்த மாதிரி ஆகாது.”

“அப்படி ஆனா என்ன பண்ணுவீங்க?”

“ஆனா ஆகட்டும்டி. அவன் இருமறதை அந்த செனட்டர் காதால கேக்கட்டும்.”

வுட்ரோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். மெதுவாகத் தலையசைத்தார். சொல்லிவிடு என்றுதான் அர்த்தம். அந்தத் தலையசைப்பில் அவருடைய மருந்தும் இருந்தது என்பது மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும்.

டெல்ஃபியா சொன்னாள். இரண்டு கடிதங்களையும், இல்லாத மூன்றாவதையும், கோர்ட்னி சொன்னதையும்.

ஹோபர்ட் செனட்டரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ரொட்டியைப் பிட்டார். பிறகு கேட்டார்: “உனக்கு எப்போ தெரியும்?”

“பதினோரு நாளாச்சு.”

“பதினோரு நாள்.” விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். “கெர்மிட் கூப்பிட்டது?”

“தெரிஞ்ச பிறகு.”

“படுத்த படுக்கையா ஹாஸ்கல் கூப்பிட்டது?”

“தெரிஞ்ச பிறகுதான்.”

“எஸ்டில்?”

அவள் ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நாலு தடவை முயற்சி பண்ணானே டெல்ஃபி. நான் பக்கத்துல நின்னு முதுகைத் தடவிக்கிட்டிருந்தேன். நீ அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டிருந்தே.”

“கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நான் என்னண்ணே பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?” அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

ஹோபர்ட் பதில் சொல்ல வாயெடுத்து, வுட்ரோவின் கையில் மருந்து ஏற்றுவதற்காகப் பதித்திருந்த குழாயைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வகுப்பில் போய் இதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும், மறுநாள் டிவியில் வரும், அதற்கு மறுநாள் தங்கையின் நாற்காலி காலி. சொல்லாவிட்டால் எஸ்டிலை அள்ளிக்கொண்டு ஒன்றுமில்லாத இடத்துக்குப் பனியில் ஏழு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். தங்கை இத்தனை நாள் நின்ற இடத்தில் இப்போது அண்ணனும் வந்து நின்றார். சாப்பிடாமலே எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குப் போன் அடித்தது. பின்னால் வகுப்பின் இரைச்சல் இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

“ஹோபர்ட் மல்லின்ஸ் பேசறேன்” என்றார், அவளை யாரென்றே தெரியாதவர் மாதிரி. “வெதர்ஸ்பூன் விஷயமா முன்னாடி எதிர்ப்புச் சொல்லியிருந்தேன். அதை மாத்தணும்.”

“என்னவா மாத்தணும்?”

“ஆதரவு. ஜனாதிபதி கேக்கற ஆளை அவருக்குக் குடுக்கறதுதான் நியாயம்னு தோணுது. சந்திப்பையும் ரத்து பண்ணிடுங்க.”

ரூஃபஸ் கைதட்டியது கேட்டது. வேறு யாரும் தட்டவில்லை. டெல்ஃபியா முதல் தாளில் வலப்பக்கம் ஒரு கோட்டை அடித்துவிட்டு இடப்பக்கம் ஒன்று போட்டாள். சொல்ல வேண்டிய வரியைச் சொன்னாள். அவர் வைத்துவிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் மறுபடி அடித்தது.

“எஸ்டில்” என்றது குரல். “உன் அண்ணன்... அந்தப் பக்கம்... போயிட்டான்ல. அந்த எடத்துல... என் பேரை... ரெண்டாவது தடவை... போட்டுக்க தங்கச்சி.”

“ஒரு ஆளுக்கு ஒண்ணுதாங்கண்ணே போட முடியும்.”

ஆக்ஸிஜன் சீறியது. “அப்ப ஒண்ணு... கேட்டுச் சொல்லு. அவனை... எவ்வளவுக்கு வாங்கினாங்கன்னு... கேட்டுச் சொல்லு. கூட... உசுரைக் குடுக்க... வந்தோமே.” குரல் உடைந்தது. “தூசி அவனைத் தின்னிருந்தா... மதிச்சிருப்பேன்.”

மதியம் கதவைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். பனியில் நின்ற தேர்தல் பலகையைத் தாண்டி உள்ளே போனபோது அவர் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் இருந்தார்.

“பனின்னு சொன்னேன், கேக்கலை” என்றார் அவராகவே. “வேன் ரிப்பேர்னு சொன்னேன், எஸ்டில் மருமகன் வேன் தரேன்னான். நான் வரலைன்னேன், நாங்க போறோம்னாங்க. சந்திப்பு என் பேர்ல இருந்துச்சு. நானே அந்தப் பக்கம்னா அவங்க யார் பேரைச் சொல்லி உள்ளே போவாங்க? வேற வழி இல்லை. இப்ப யாரும் போகலை.”

“நல்ல காரியம் பண்ணீங்கண்ணே.”

“வகுப்புல நடக்க ஏறினேன். ரெண்டு பக்கமும் இருந்தவங்க இறங்கிப் போயிட்டாங்க. ரூஃபஸ் மட்டும் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டினான். இனிமே அங்க போறதுக்கில்லை.”

வகுப்பை விட்டால் ஒரு வருஷத்தில் படுத்த படுக்கைதான் என்று கிளினிக் டாக்டர் எல்லோரிடமும் சொல்வதை இருவரும் அறிவார்கள். டெல்ஃபியா அடுப்பருகே போய்ச் சூப்பைச் சுட வைத்தாள். முதுகுக்குப் பின்னால் அவர் கேட்டார்.

“எஸ்டில் கூப்பிட்டானா?”

“கூப்பிட்டாரு.”

“என்னைப் பத்தி என்ன சொன்னான்?”

அவள் கரண்டியால் கிண்டிக்கொண்டே யோசித்தாள். இன்றைக்கு அவர் பட்டது போதும் என்று நினைத்தாள். “ஒண்ணும் சொல்லலைண்ணே. அவர் கருத்தை மட்டும் சொல்லிட்டு வச்சுட்டாரு.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே இல்லை.”

ஹோபர்ட் கோட்டின் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது.

“இருபத்தாறு வருஷம் ஒரே ஷிப்டு. ஒரே டப்பாவுல சாப்பிட்டோம். மேல் பாறை இடிஞ்சப்ப அவன்தான் என்னை இழுத்துப் போட்டான். ஒரு கெட்ட வார்த்தைகூடவா சொல்லலை? திட்டறதுக்குக்கூட நான் ஆளில்லாமப் போயிட்டேனா டெல்ஃபி?”